நூல் கோக்காத ஊசி

எனக்குத் தைக்கத் தெரியாது ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தத் தையல் மெஷினைப் பற்றிச் சுற்றிச் சுற்றிக் கேட்பீர்கள். ஒரு பொத்தான் அறுந்தால்கூட யாரையாவது கூப்பிடுகிற ஆள் நான்.

எங்கள் இல்லத்தின் வாசலில் தையல் கடை என்றுதான் பலகை இருக்கும். அடி தாங்காமல் ஓடிவந்த பெண்கள் உள்ளே இருப்பது தெருவுக்குத் தெரியக் கூடாது. முன்னறையில் மெஷின்கள், துணிகள், அளவெடுக்கத் திரை போட்ட ஒரு மூலை. பின்னால் ஒரு கதவு, அதைத் தாண்டினால் இல்லம். நடத்துகிற அறங்காவலர்கள் மூன்று பேர்: டாக்டர், வக்கீல், நான்.

அங்கே எல்லாரும் என்னை அம்மா என்பார்கள். நானாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருப்பேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. வருகிறவளின் கையைப் பிடித்து, "இனிமே நான்தான் உனக்கு அம்மா" என்பேன். அவள் அழுதுவிடுவாள். நானும் அழுவேன், பொய்யில்லை.

தையல்காரி அழவில்லை. எங்கள் கடையில் உண்மையாகவே தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதனால் அந்தப் பெயர். "எனக்கு அம்மா இருந்தாங்க மேடம். அந்த ஒருத்தியே போதும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு எனக்கு ஒரு ரவிக்கை தைத்தாள், அளவே எடுக்காமல், கண்ணால் பார்த்தே. அவ்வளவு கச்சிதம். போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "கை பிடிக்கலையே மேடம்?" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் புருஷன் வக்கீலிடம் வந்து, ஒரே ஒருமுறை பேசவிடுங்கள் என்று கேட்டான். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

"கழுத்துல விரல் தடம் பாத்தீங்கல்ல? பேச்சுக்கே இடமில்ல" என்றார் டாக்டர். வக்கீலும் தலையாட்டினார்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நான் சொன்னேன். நம் பெரியவர்கள் சொன்னதுதானே. இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கவில்லை.

அதன் பிறகு அவன் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். "அவ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா. நீங்க மனசு வெச்சா முடியும்மா. பெத்தவங்க மாதிரி கேக்கறேம்மா." வாய்க்கு வாய் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டான்: "அங்க ஆம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களாம்மா?" ஒருத்தரும் இல்லை என்றேன். கூச்சப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். இடத்தையும் சொன்னேன், மறுநாள் மத்தியானம் வரச் சொன்னேன்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற வார்டனைப் பொத்தான் வாங்க அனுப்பியது நான்தான். அவள் இருந்தால் காரியம் கெட்டுவிடும். அவன் வந்ததும் திரைக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தையல்காரியிடம், "அளவெடுக்க ஆள் வந்திருக்கு, வா" என்றேன். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். என்னைச் சந்தேகப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? அவள் திரைக்குப் பின்னால் போனதும் உள்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். புருஷன் பெண்டாட்டி பேசும்போது நாலு பேர் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது.

வெட்டுகிற மேசை அந்தத் திரைக்குள்தான் இருக்கிறது. கத்தரிக்கோல் எப்போதும் அங்கேதான் கிடக்கும். எடுத்து வைத்திருக்கலாம் என்கிறீர்கள். எடுத்து வைத்திருக்கலாம்தான்.

முதலில் சத்தம் வந்தது. சேர்ந்து வாழப்போகிறவர்கள் சத்தம் போட்டுத்தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிற மற்றப் பெண்கள் பாவம், சத்தம் கேட்டாலே நடுங்குவார்கள். அவர்களுக்காகத்தான் மெஷினில் உட்கார்ந்தேன். மிதிக்க மட்டும் தெரியுமே. ஊசியில் நூலும் இல்லை, கீழே துணியும் இல்லை. வேகமாக மிதித்தால் அந்த மெஷின் தடதடவென்று வீட்டையே நிறைக்கும். அவன் என்னைத் தாண்டி வெளியே போகும் வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தியபோது உள்கதவை எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

துக்கமாகத்தான் இருக்கிறது ஐயா. எனக்கு மட்டும் இருக்காதா? அந்த ரவிக்கையைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன்.

மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டிருக்காது என்று எனக்காக வாதாட வந்திருக்கிற வக்கீல் சொல்லச் சொன்னார். கேட்டது. நடுவில் அவள் ஒரே ஒரு தடவை "அம்மா" என்றாள். வலி வந்தால் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். இல்லை ஐயா. அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.