எங்கள் வீட்டுப் புனிதர்

பெருநோன்பின் மூன்றாம் புதன்கிழமை நான் பாலாடைக்கட்டி தின்றுவிட்டேன், சாமி. ஒரு துண்டுதான். அதற்கும் மன்னிப்பு வேண்டும். நான் கொண்டுவந்த அவரைக் கஞ்சி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

இன்னொன்று, என் தம்பி தெசிமிர் விஷயம்.

நான் இந்தப் பள்ளத்தாக்கை ஆளத் தொடங்கியபோது எங்கள் வம்சத்துக்கு மூன்று கோட்டைகள் இருந்தன. புனிதர்தான் இல்லை. மூத்தவனுக்குப் பெண் கேட்டு ஆற்றுக்கு அக்கரையில் ஆளும் ஹ்ரானிஸ்லாவ் வீட்டுக்குப் போனேன். விருந்தில் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"எங்க தாத்தா கோயில்ல, புனிதர் பேழையில கிடக்கார். நொண்டி வந்து தொட்டுட்டு நடந்து போறான். உங்க தாத்தா எங்கய்யா கிடக்கார், வுகான்? மாடு திருடப் போய் ஓடையில விழுந்தவர்தானே?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை.

தெசிமிர் துறவி. தொழுநோயாளிகளின் காலைக் கழுவுவான். போர்வையை யாருக்காவது கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்குவான். ஊரே கும்பிட்டது. ஒரே குறை, நாற்பது வயதிலும் கல் மாதிரி இருந்தான். செத்தாலும் உடனே புனிதராக முடியாது. மூன்று வருஷம் கழித்துத்தான் குழியைத் திறப்போம். உடல் கெடாமல் நறுமணம் வீசினால்தான் பேழை. பெண் வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

அந்த நோன்பில் கஞ்சி எடுத்துப் போனேன்.

"அண்ணே, நீயே சுமந்துட்டு வந்தியா?" என்று கண் கலங்கினான். இரண்டு கிண்ணம் குடித்தான். மறுநாள் காலையில் நான்தான் அவன் கண்களை மூடிவிட்டேன்.

ஹ்ரானிஸ்லாவ் பொறுத்தார். போன அறுவடைக்குப் பிறகு குழியைத் திறந்தோம். தூங்குகிறவன் போலக் கிடந்தான். மணம் மட்டும் வரவில்லை. திருச்சபையின் ஆயர் வந்து சேர்வதற்குள் ஒரு குப்பி ரோஜா எண்ணெயை அங்கியில் ஊற்றினேன். ஆயர் முகர்ந்து பார்த்து, "சொர்க்கம்யா, சொர்க்கம்" என்று அழுதார்.

அந்த எண்ணெய்தான் என் நெஞ்சை அறுக்கிறது, சாமி. அது ஏமாற்று வேலை. அதற்குத்தான் வந்தேன்.

மூத்தவன் கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போது இளையவனுக்கு ராஜா வீட்டுச் சம்பந்தம் வருகிறது. அவர்கள் கோயிலில் இரண்டு பேழை. நமக்கு ஒன்றுதான்.

செருப்பைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் பனியில் வெறுங்காலோடு வந்தீர்களாமே. ஊரெல்லாம் அதே பேச்சு. கிண்ணம் காலியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன்.

சாமி, மாடு திருடப் போனாரே எங்கள் தாத்தா, அவரும் உங்கள் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள்தானே?