எங்கடை மணி அடிக்கேல்லை

மூன்று மணி முப்பத்தொரு நிமிடம். வேலியைப் பிடுங்குகிறேன். இரண்டு கையிலும் இரத்தம். ஓலை வருகிறது. கதியால் வரவில்லை. வேலிக்கு நட்ட பூவரசங் கதியால். இரண்டு மாதத்தில் வேர் விட்டுவிட்டது.

அந்தப் பக்கம் என் தங்கச்சி தங்கம். ஆள் தெரியவில்லை. புகை. குரல் மட்டும்.

"அண்ணை! பொட்டு எங்கையண்ணை? பொட்டு எங்கை?"

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே, வேலியில் ஆள் குனிந்து புகுந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அவளுக்கும் தெரியும், அது இப்போது இல்லை. நான்தான் அடைத்தேன். புகைக்குள் கை தடவித் தேடுகிறாள். நான் பிடுங்குகிறேன். என் கட்டு. நல்ல கட்டு. அவிழவில்லை.

பனையோலை எரிகிற சத்தம் சீனவெடிக்கட்டு கொளுத்தியதுபோல. விட்டு விட்டு இல்லை. ஒரே தொடர்.

"மச்சாள்! உரலிலை ஏறி நிக்கிறன்! பிள்ளையைப் பிடியுங்கோ!"

என் பெண்சாதி பாக்கியம் மாட்டுத் தொட்டியில் ஏறி நிற்கிறாள். வேலிக்கு மேலால் ஒரு சீலை மூட்டை வருகிறது. அதற்குள் பிள்ளை. மேல் வரியில் முள்ளுக்கம்பி. அதுவும் என் யோசனைதான். கம்பி சீலையைப் பிடிக்கிறது. பாக்கியம் இழுக்கிறாள். சீலை கிழிகிறது. பிள்ளை வந்துவிட்டது.

மூன்று முப்பத்து நாலு. உரல் புரண்ட சத்தம். அதற்குப் பிறகு குரல் இல்லை. நான் பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன்.

என் இடுப்பில் ஒரு சுத்தியல் செருகியிருந்தது. மணி அடிக்கிற சுத்தியல். அன்று அதை நான் பாவிக்கவில்லை.

யப்பான்காரன் குண்டு போட்டு எரித்தான் என்று இப்போது ஊரில் கதைக்கிறார்கள். பொய். யப்பான்காரன் எங்கள் ஊரைக் கண்ணாலும் காணவில்லை. உரும்பிராய்க்கும் சுன்னாகத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் என்னை ஏசினால் ஏசட்டும். மறக்கக்கூடாது.

யுத்தத்தின் மூன்றாம் வருஷம். பங்குனியில் கொழும்பில் குண்டு விழுந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பெட்டி படுக்கையோடு சுன்னாகம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். தங்கத்தின் புருஷன் இராசையாவும் வந்தான். கந்தோர்க் கிளாக்கர். நல்ல பிள்ளை. கொஞ்சம் வாய் கூட.

சித்திரைக் கடைசியில் கிராமச் சங்கத் தேர்தல். அப்போது எங்களுக்குப் பெட்டியும் இல்லை, கடதாசியும் இல்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஒருவருக்கு வலப்பக்கம், மற்றவருக்கு இடப்பக்கம். பிடித்த பக்கம் போய் நிற்க வேண்டும். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த அலுவலர் தலையை எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். பதினொரு வருஷம் சேர்மனாக இருந்தவர் ஆறு தலையால் தோற்றார்.

நான் அவர் பக்கம் நின்றேன். எனக்குச் சங்கத்தில் வேலை வாங்கித் தந்தவர். கையில் மணிக்கூடு கட்டிவிட்டவர். விமானம் வந்தால் ஊருக்கு மணி அடிக்கிற பொறுப்பை என்னிடம் தந்தவர். நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இராசையா மற்றப் பக்கம் நின்றான். கொழும்பிலிருந்து வந்த இன்னும் ஆறு பேரும் அந்தப் பக்கம்.

பழைய சேர்மன் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்திலேயே சொன்னார்:

"ஓடி வந்தவைக்கு ஊரிலை என்ன வாக்கு? உந்த ஏழு பேரையும் கழியுங்கோ. நான்தான் சேர்மன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதினார். அதற்கடுத்த கிழமை இன்னொன்று. சங்கத்து முத்திரையைக் கொடுக்கவில்லை. சங்கத்துக் கொட்டிலைப் பூட்டித் திறப்பையும் கொடுக்கவில்லை. கொட்டிலுக்குள் நெருப்பணைக்கிற கைப்பம்பு, மண்வாளிகள், ஏணி. எல்லாம் யுத்தத்துக்கு என்று அரசாங்கம் தந்தவை. திறப்பை அறைஞாணில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

ஊரில் இரண்டு சேர்மன். இரண்டு கூட்டம். மதகடி மரத்தில் இரண்டு அறிவித்தல். புதியவர் ஏழு மணிக்கு விளக்கை மறைக்கச் சொன்னார். பழையவர் ஏழரைக்கு என்றார். அந்த அரை மணித்தியாலம் ஒழுங்கையில் நடந்தால் போதும். எந்த வீடு எவருடைய ஆள் என்று விளக்கே சொல்லும். எங்களுக்கு அது நல்ல பகிடியாக இருந்தது.

பிறகு மணி. புதியவர் பள்ளிக்கூட வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டினார். எங்கள் துண்டு பழையவரின் வளவில். அவர்கள் செவ்வாய்க்கிழமை, விமானம் வராமலே, பழக்கத்துக்கு அடித்தார்கள். நாங்கள் புதன்கிழமை அடித்தோம். அவர்கள் வியாழனும் அடித்தார்கள். நாங்கள் விடுவோமா? ஒருவருடைய மணிக்கு மற்றவருடைய ஆட்கள் அசையக்கூடாது என்று வந்துவிட்டது. கிணற்றடியில் நின்றவன் நின்றபடி தண்ணீர் அள்ளுவான். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "அது வெறும் சத்தம். எங்கடை மணி அடிச்சாத்தான் வெளிக்கிட வேணும்."

வைகாசியில் ஒரு ஞாயிறு. பழையவர் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்.

"உன்ரை வேலியிலை பொட்டு. அதுக்கு அங்காலை இராசையா. உதை வைச்சுக்கொண்டோ எனக்கு மணி அடிக்கிறாய்?"

அன்று மத்தியானமே அடைத்தேன். கதியால் நட்டேன். ஓலை வரிந்தேன். கொட்டிலிலிருந்து முள்ளுக்கம்பி எடுத்து மேலே இரண்டு வரி இழுத்தேன். தங்கம் கைப்பிள்ளையை மார்போடு அணைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு.

"இனி உப்புக் கேக்கவும் ஒழுங்கையாலை சுத்தியோ வாறது, அண்ணை?"

நான் கம்பியை இழுத்துக் கட்டினேன். ஒரு கிழமையில் எனக்குக் கோபம் ஆறிவிடும், நானே பிரித்துவிடுவேன் என்று பாக்கியத்திடம் சொன்னாளாம். கோபம் என்று ஒன்று எனக்கு இருக்கவே இல்லை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மணிக்கூட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். அவ்வளவுதான்.

ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. மழை கண்டு பல மாதம். சோளகக் காற்று. கண்ணில் மண் விழுகிற காற்று.

மூன்று மணி ஒன்பது நிமிடம். தென்மேற்கில் விமானச் சத்தம். சரியான சத்தம் இல்லை. இரண்டு தரம் இருமும். ஒரு தரம் நிற்கும். திரும்ப இருமும். பனைகளுக்கு மேலால் வந்தது. வயிற்றில் புகை. இங்கிலீசுக்காரனுடைய விமானம். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எங்களுக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மூன்று பதினொன்று. மாடு மேய்கிற தரவையில் அது எதையோ போட்டுவிட்டுப் போனது. ஒரு அடி. காலுக்குக் கீழே நிலம் அசைந்தது. கரும்புகை. தரவைப் புல் எல்லாம் காய்ந்த புல். காற்று அங்கிருந்து ஊருக்குள்தான் வீசுகிறது.

மூன்று பன்னிரண்டு. பள்ளிக்கூட மணி. விடாமல் அடிக்கிறார்கள். பழக்கத்துக்கு அடிக்கிற அடி இல்லை. எனக்கு அது விளங்கியது. மணி அடிக்கிறவனுக்கு மற்றவனுடைய கை விளங்கும்.

பழையவரின் வளவில் நிற்கிறேன். சுத்தியல் கையில். தண்டவாளம் எனக்கு முன்னால். அடிக்கவில்லை. அவருடைய சொல் இல்லாமல் அடிக்கக்கூடாது என்பது கட்டளை. அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் நித்திரை. எழுப்பினேன்.

"ஐயா, தரவையிலை நெருப்பு. அடிக்கட்டோ?"

காது கொடுத்துக் கேட்டார். நெருப்பை அல்ல. பள்ளிக்கூட மணியை.

"ஆர் முதல் அடிச்சது?"

"அவை."

"அப்ப அடியாதை. உவங்கள் அடிச்ச பிறகு நாங்கள் அடிச்சால், உவன் சேர்மன் எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரி."

"திறப்பையாவது தாங்கோ, ஐயா. பம்பை எடுப்பம்."

"நில். பாப்பம்."

நின்றேன். இதைத்தான் எழுத வந்தேன். நின்றேன். என் கால்கள் என்னுடையவை. சுத்தியலும் என் கையில்தான் இருந்தது. யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை.

மூன்று பதினேழு. வண்டிக்காரச் செல்லையா படலை வாசலுக்கு ஓடி வந்தான். எங்கள் பக்கத்து ஆள்.

"அண்ணை, அடிக்கிறியளோ? புகை வருது."

"நாங்கள் அடிக்கேல்லை. போய் வீட்டிலை இரு."

"அடிச்சா மாட்டை அவிழ்ப்பன்."

"அடிச்சா அவிழ்."

போனான். மூன்று இருபத்திரண்டுக்கு ஒருதரம் திரும்பி வந்தான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். போனான்.

மூன்று இருபத்தைந்து. மேற்கு ஒழுங்கையில் நெருப்புப் பற்றியது. வேலி வேலியாக வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வேலி. வேலி எல்லாம் பனையோலை. நெருப்புக்கு நாங்களே பாதை கட்டி வைத்திருந்தோம். அப்போதுதான் எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. பழையவரை விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடினேன். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். ஏன் செருகினேன் என்று தெரியாது. அப்போதாவது நின்று அடித்திருக்கலாம்.

"ஓடுங்கோ! தோட்டத்துக்கு ஓடுங்கோ!" கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு மனிசி படலையில் நின்று கேட்டாள்: "மணி அடிக்கேல்லையே?" சிரிக்க வேண்டாம். அப்படித்தான் கேட்டாள். அவளை இழுத்து வெளியே விட்டேன்.

பிறகு வேலி. அதை முதலே எழுதிவிட்டேன்.

மூன்று நாற்பத்தாறு. புதியவரின் ஆட்கள் கொட்டில் கதவைக் கோடரியால் உடைத்தார்கள். பம்பு நல்லாய் வேலை செய்தது. ஐந்தரைக்கு நெருப்பு அடங்கியது. பழையவரின் வீடு ஓட்டு வீடு. கிழக்குப் பக்கம். ஒன்றும் நடக்கவில்லை.

இராசையா சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தான். புகையைக் கண்டு ஓடி வந்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று விரும்பினேன். அவன் என்னைக் கடந்து போய் உரலடியில் இருந்தான்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. தங்கத்தின் வீடு புதியவரின் பக்கம். மூன்று பன்னிரண்டுக்கே அவளுக்கு மணி கேட்டிருக்கும். அப்போது ஒழுங்கை எரியவில்லை. பதின்மூன்று நிமிடம் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு மூன்று தரம் போய் வரலாம். ஏன் போகவில்லை?

பாக்கியம் எட்டாம் நாள் சொன்னாள். தங்கத்தின் பிள்ளைக்குப் பால் பருக்கிக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"மணி கேட்டவுடனை வேலியடிக்கு வந்தவள். 'மச்சாள், வெளிக்கிடுங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ' எண்டு கூப்பிட்டவள். நான் சொன்னன், 'உங்கடை அண்ணை இன்னும் அடிக்கேல்லை, அடிச்ச உடனை வாறம்' எண்டு. 'அப்ப நானும் நிக்கிறன், சேர்ந்து போவம்' எண்டவள்."

ஒருதரம்தான் சொன்னாள். பிறகு சாகும்வரை அதைப் பற்றி அவள் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இரவு பகல் எனக்கு வேறு ஒன்றும் கேட்டதில்லை.

சேத விபரம் எழுதித் தரும்படி காரியாதிகாரி கந்தோரிலிருந்து கேட்டார்கள். சேர்மன் எழுத வேண்டும். இரண்டு சேர்மனும் எழுதினார்கள். புதியவர் தன் பக்கத்து வீடுகளை எழுதினார். உயிர்ச்சேதம் ஒன்று. பழையவர் தன் பக்கத்து வீடுகளை எழுதினார். மாட்டுக் கொட்டிலில் எரிந்து செத்த செல்லையாவை எழுதவில்லை. செல்லையாவை எழுதினால், ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்பார்கள்.

"அவன் மாட்டை அவிழ்க்க எண்டு தன்ரை எண்ணத்திலை உள்ளுக்கை போனவன். அது சேதமில்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உன்ரை தங்கச்சி உவங்கடை கணக்கு. சாட்சிக்கு நீ கையெழுத்து வை."

அவருடைய பட்டியலில், உயிர்ச்சேதம் இல்லை. தலைவர் என்று அவருடைய ஒப்பம். சங்கத்து முத்திரை. அதன் கீழே நான். தங்கத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியவில்லை. வைத்தேன்.

கந்தோரில் இரண்டு பட்டியலையும் கூட்டினார்கள். ஒன்றும் ஒன்றுமில்லாததும் ஒன்று. அரசாங்கக் கணக்கில் அந்த வெள்ளிக்கிழமை செத்தது ஒரு ஆள். பழையவரின் பெட்டிசம் மார்கழியில் திரும்பி வந்தது. தள்ளுபடி. அதை வாசித்துவிட்டு இன்னொன்று எழுதினார்.

இனி என் கணக்கு. இதற்கு முத்திரை இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து எழுதுகிறேன்.

வீடு பத்தொன்பது. புகையிலைக் குடில் நாலு. மாட்டுக் கொட்டில் பதின்மூன்று. பசு ஆறு. வண்டில் மாடு இரண்டு, மூக்கில் குத்திய நாணயக் கயிற்றோடு. ஆடுகள் எண்ணவில்லை. வேலி, மேற்கு ஒழுங்கை முழுவதும்.

ஆட்கள் இரண்டு.

செல்லையா. வயது நாற்பத்தெட்டு. தேர்தலன்று எங்கள் பக்கம், எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றவன். மாட்டை அவிழ்க்க இரண்டு தரம் என்னிடம் உத்தரவு கேட்டவன்.

தங்கம். வயது இருபத்துமூன்று. தேர்தலன்று பிள்ளை பெற்றுப் பதினெட்டாம் நாள். பிள்ளைத் துடக்கு கழியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.