தொட்ட பின்னரே சொல்லச் செய்தவர்க்கு

கப்பல் பழுதுபார்க்கும் இத்தளத்தில் இருபத்தாறு ஆண்டுகள், பன்மொழிப் பணியாளர்க்கு நடுவே நின்று, ஒருவர் உரைத்ததை மற்றவர் உள்ளத்தில் உரியவாறு சேர்த்து, இன்று பணி நிறைவு பெறும் மொழிபெயர்ப்பாளர் அம்மையீர்! ஆறு மொழிகளை அறிந்தும் அவற்றுள் ஒன்றையேனும் அவசரத்தில் நம்பாதவரே, ஆரவாரத்திடையே அடங்கிய குரலால் அனைவரையும் நிறுத்தியவரே, எங்கள் எல்லார்க்கும் அக்காவே, வணக்கம்.

பனி விலகாத காலைகளில், நீர் வடிந்த துறையின் நடுவே, தரையை மறந்த மாளிகைபோல் மரக்கட்டைகளின்மேல் கப்பல் நிற்கும். அதன் இரும்பு வயிற்றினுள் ஒருவர் விடுக்கும் சொல், சுவர்தோறும் மோதி, சொன்னவரையும் மறந்து, சற்று நேரம் தனியே உலவும். அவ்வாறு உலவும் சொற்களின் பின்னே, இடக்கையில் விளக்கும், குழாயை வருடிச் செல்லும் வலக்கையுமாகத் தாங்கள் நடந்த நடை எங்கள் கண்களில் நிற்கிறது.

முள் என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்று, இத்தளத்தின் அறிவிப்புகளைத் திருத்த வந்தவன் நான். இம்மடலை எழுதுபவனும் நானே. எனக்கு முள் என்பது செடியில் இருப்பது. மற்றவை உவமை பற்றி வந்த ஆகுபெயர்கள். இங்கோ, கொதிகலன் அறையில் அழுத்தமானியின் முள் ஏறும், இறங்கும். வாயிற்கடிகாரத்தில் முள் நகரும். உணவுக்கூடத்தில் தொண்டையில் சிக்கும். பாரந்தூக்கிப் பிரிவில் கையுறையைக் கிழிக்கும். இரும்புக் கயிற்றில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழைக்கு அங்கே அதுவே பெயர். அதே கடிகாரத்தின் கீழ் நின்று உணவு இடைவேளைக்குக் காத்திருக்கும் அயல்மொழியாளர் ஒருவர் அம்முள்ளைக் கை என்பார். இன்னொருவர் ஊசி என்பார். ஊசியையாவது விட்டார்களா? நாம் காது என்று சொல்லி நூல் கோக்கும் துளையை அவர்கள் கண் என்கிறார்கள். கித்தான் தைக்கும் பிரிவில் இதுபற்றி ஒரு பிற்பகல் முழுவதும் வழக்கு நடந்தது.

“கண்ணுன்னா பாக்கணும்ல? உங்க ஊசி என்னத்தப் பாக்குது?” என்றார் நம் தையற்காரர். அதைத் தாங்கள் மொழிபெயர்த்தீர்கள், மறுமொழியையும் கொணர்ந்தீர்கள்: “உங்க ஊசி மட்டும் என்னத்தக் கேக்குதாம்னு கேக்குறாரு.” தீர்ப்பு மட்டும் வழங்கவில்லை. தையலுக்கு அது வேண்டியிருக்கவுமில்லை.

தங்கள் வழக்கம் வேறு. எவ்வேலை தொடங்கும் முன்னரும், அதில் ஈடுபடுவோர் அனைவரையும் அப்பொருள் இருக்குமிடத்திற்கு நடத்திச் சென்று, ஒவ்வொருவரையும் வெறுங்கையால் தொடச் செய்து, அதன் பின்னரே அவரவர் மொழியில் அதன் பெயரைச் சொல்லச் செய்வீர்கள். பெயர்கள் ஆறாக இருக்கும். கைகள் எல்லாம் ஒரே இரும்பின்மேல் இருக்கும். இவ்வழக்கத்திலிருந்து எவரும் தப்பியதில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர், அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது என்னிடம் கூறியது இது: “வீட்லயும் இதே கதைதான் சார். உப்பு எங்கன்னு கேட்டா, வந்து தொட்டுப் பாருங்கறா. முப்பது வருஷமா தொட்டுக்கிட்டு இருக்கேன்.”

இவ்வழக்கத்தை எதிர்த்தவன் நான். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஆயிரத்து நானூறு சொற்களை ஆறு மொழிகளிலும் நிரல்படுத்தி, நான்கு ஆண்டுகள் உழைத்துப் பட்டியல் ஒன்றைத் தொகுத்தேன். அயல்மொழிச் சொற்கள் அனைத்தையும் தாங்களே தந்தீர்கள், என் நோக்கம் அறிந்தும். அதில் ஓர் ஒற்றுப்பிழையும் இல்லை.

சென்ற மாதம் ஒரு காலை அப்பட்டியலை முதன்முறையாகச் சோதித்தார்கள். அடித்தட்டுத் தொட்டிக்குள் இறங்கி, நீராவிக் குழாயின் இணைப்பைக் கழற்ற ஐவர் ஆயத்தமாக நின்றனர். நீராவி மூடப்பட்டதா என்று மேஸ்திரி பட்டியலின் சொல்லால் கேட்டார். மூடப்பட்டது என்று வால்வுக்காரர் பட்டியலின் சொல்லால் விடை தந்தார். ஐவரும் ஐயமற விளங்கிக்கொண்டனர். வால்வின் கைப்பிடி இறுதிவரை திருகப்பட்டிருந்தது. மூடியதற்கு அடையாளமான சிவப்பு அட்டையும் தொங்கியது. நான் பெருமிதத்தோடு நின்றேன்.

“ஒரு தடவ தொட்டுட்டு இறங்கட்டும்,” என்றீர்கள்.

“அக்கா, அதான் வாத்தியார் லிஸ்ட்டு வந்துருச்சே. இன்னும் எதுக்கு இந்தச் சடங்கு?” என்றார் மேஸ்திரி.

“லிஸ்ட்டு இருக்கட்டும். குழாயத் தொடுங்க.”

முதலில் நின்ற வெல்டர், சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றி, வால்வுக்கு அப்பால் ஆறிக் கிடக்க வேண்டிய குழாயில் உள்ளங்கையை வைத்தார். சிரிப்பு நின்றது.

“அக்கா, இது சுடுது.”

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தொட்டனர். அவ்விரும்பு வயிற்றினுள் ஆறு மொழிகளில் சூடு என்னும் சொல் மெல்ல எழுந்து, சுவர்களில் பட்டு, எம் தலைகளுக்கு மேல் ஒன்றையொன்று தேடுவதுபோல் உலவியதை இன்றும் கேட்கிறோம். வால்வைப் பிரித்தபோது, உள்ளே அடைக்க வேண்டிய தகடு உடைந்து விழுந்திருந்தது. கைப்பிடி வெறுமனே சுழன்றிருந்தது. இணைப்பைக் கழற்றியிருந்தால் அந்நீராவி முழுவதும் ஐவர்மேலும் பாய்ந்திருக்கும். அன்று ஒரு சொல்லும் பிறழவில்லை, அம்மையீர். சொற்கள் யாவும் சரியாக இருந்தன. இரும்பு சரியாக இல்லை. என் பட்டியலில் இருந்துகொண்டு எந்தச் சொல்லும் அதைக் கண்டிருக்க முடியாது.

இவ்வளவுக்குப் பின்னரும், தங்கள் ஓய்வைக் காரணமாக்கி, வரும் திங்கட்கிழமை முதல் தொடுதல் வேண்டா, பட்டியலே போதும், வேலைக்குப் பத்து நிமிடம் மிச்சமாகும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதில் சந்திப்பிழைகள் மூன்று உள்ளன. அவற்றைப் பொறுப்பேன், கருத்தைப் பொறுக்க மாட்டேன். பட்டியல் நடைமுறைக்கு வரத் தொகுத்தவனின் கையொப்பம் வேண்டும் என்று மேலாளர் நேற்று நேரில் வந்தார்.

“சார், நீங்க எழுதினதுதானே? கையெழுத்துப் போட என்ன தயக்கம்?”

அவரை வால்வு அறைக்கு அழைத்துச் சென்று, மேசைமேல் கிடந்த உடைந்த தகட்டைத் தொடச் சொன்னேன். நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். “யோசிச்சுச் சொல்றேன்,” என்று போனார். இம்மடலை எழுதி முடிக்கும் வரை சொல்லவில்லை.

நாங்கள் முடிவு செய்துவிட்டோம். இச்சொற்களுக்குரிய பொருளைத் தொட்ட பின்னரே இவற்றைப் பயன்படுத்துக என்னும் வரி பட்டியலின் முகப்பில் ஏறினால் என் கையொப்பம் உண்டு, ஏறாவிடின் இல்லை. ஏறினும் ஏறாவிடினும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, தாங்கள் நிற்கும் இடம் வெறுமையாக இருக்க, நாங்கள் குழாயைத் தொட்டுவிட்டே வேலையைத் தொடங்குவோம். எங்களுள் ஒருவர் மறந்தால் மற்றவர் அவர் கையைப் பிடித்துக் குழாயின்மேல் வைப்பார்.

தளத்துச் சங்கொலி எழுப்பாத காலைகளில் விழித்து, மொழிபெயர்க்க வேண்டாத பேச்சுகளைக் கேட்டு, நோயின்றி, கவலையின்றி, கணவரோடும் சுற்றத்தோடும் தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும். எம் தளத்துப் பனி சில வேளை தங்கள் கனவிலும் இறங்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.

இங்ஙனம்,
முதலில், தத்தம் எழுத்துகளில், அன்று தொட்டிக்குள் இறங்காத ஐவர்;
அடுத்து, வால்வுக்காரரும் மேஸ்திரியும்;
அவர்க்குப்பின், தளத்துப் பணியாளர் அனைவரும், அறிவிப்புகளைத் திருத்தும் ஆசிரியரும்.