ஐம்பத்தாறாம் இடத்துச் செரைன்

கேம்பிரிட்ஜில் இத்தனை வருடம் சைக்கிள் ஓட்டியும், செயின் கழன்றால் மாட்ட எனக்குத் தெரியாது. கேலம் பழக்கமானதே அப்படித்தான். மில் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் ஓயாது.

நீங்கள் எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கம்பெனி ஆன்டிபாடி மருந்து செய்கிறது. ஆன்டிபாடி என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த பெரிய, சிறிய சங்கிலிகள் சேர்ந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் எண் போடும் முறைகள் பல. ஒரே தெருவில் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான் எங்களுக்கும். நான் பழைய கபாட் முறைக்காரன். எங்கள் ஆய்வகமும் அப்படியே. இமோஜன் தலைவியாக வந்ததும் உற்பத்திப் பிரிவைப் புதிய முறைக்கு மாற்றினாள். இந்தக் குழப்பம் ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா ஹியூ? யாராவது இவர் வாயில ஒரு பிஸ்கட்டைப் போடுங்கப்பா," என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

மூட்டுவாதத்துக்கான எங்கள் மருந்தின் முதல் வடிவம், ஆய்வகச் சோதனையில் மனித இதயத் தசையிலும் போய் ஒட்டிக்கொண்டது. சிறிய சங்கிலியில் ஐம்பத்தாறாம் இடத்தில் இருக்கும் செரைன் என்ற அமிலத்தை மாற்றிப் பார்த்தோம். ஒட்டுவது நின்றது. "ஐம்பத்தாறுல இருக்கற செரைனை மாத்திடுங்க," என்று இமோஜன் உற்பத்திப் பிரிவுக்குப் போனில் சொன்னாள். எந்த முறைப்படி ஐம்பத்தாறு என்று சொல்லவில்லை.

வழக்கமாக இந்தத் தவறு உடனே பிடிபடும். தவறான இடத்தில் வேறு அமிலம் இருக்கும், யாராவது திரும்பக் கேட்பார்கள். எங்கள் மருந்தில் இரண்டு முறைப்படியும் அந்த எண்ணில் செரைன்தான். அவர்கள் தங்கள் முறைப்படி வேறொரு செரைனை மாற்றிவிட்டார்கள். குரங்குகளுக்குப் போட்டபோதும் தெரியவில்லை. குரங்கின் இதயத்தில் அது ஒட்டுவதே இல்லை.

நான் கவனித்தேன். தயாரான மருந்தின் வரிசையைத் திரையில் திறந்தேன். மாற்ற வேண்டிய செரைன் அப்படியே இருந்தது. திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். மீன் நன்றாகப் பொரித்திருந்தார்கள்.

அந்த வாரமே கேலமின் கடைக்குப் போக நேர்ந்தது.

"டாக்டர், உங்க கம்பெனி புது மருந்தைப் போட்டுப் பாக்கற சோதனை ஊசிக்கு நானும் பேர் குடுத்திருக்கேன். முதல் ஆளே நான்தானாம்! நம்பிப் போட்டுக்கலாமா, சொல்லுங்க?"

முன்பின் தெரியாத ஒருவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"ஒரு ஊசிக்கா இந்தப் பயம்? முதல்ல என் பிரேக்கைப் பாரு," என்றேன்.

"நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறமென்ன," என்று சிரித்தான்.

ஊசி போட்ட அன்று மாலையே அவன் இதயம் நின்றுவிட்டது. மறுநாள் காலை தவறைக் கண்டுபிடித்தவன் நான்தான். இமோஜன் அழுதுகொண்டே பதவி விலகினாள். இப்போது கம்பெனி முழுவதும் கபாட் முறைதான். எங்கும் குழப்பமில்லை.

ஆம், ஊசி போடும் முன்பே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இமோஜன் சத்தமில்லாமல் திருத்தியிருப்பாள், மறுநாளே மறந்திருப்பாள். இரண்டு முறையும் அப்படியே தொடர்ந்திருக்கும்.

அடக்கத்தன்று கேலமின் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் தப்பைக் கண்டுபிடிச்சீங்க. இல்லேன்னா இன்னும் எத்தனை பிள்ளைங்க போயிருக்குமோ," என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் சொன்னது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.