குறைக்கச் சம்மதம்

அழகுமீனா: ...இந்தா, இங்க பாருங்கப்பா. மதுரை மாவட்டம், ‘சம்மதம்’. கீழ மொக்கைச்சாமி, செயலாளர்னு உங்க கையெழுத்து.

மொக்கைச்சாமி: கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல...

ராமக்காள்: சட்டைப் பையில இருக்கு. என்ன கடுதாசிடி அது?

அழகுமீனா: மாநிலத் தடகளச் சங்கத்துலேருந்து வந்திருக்கும்மா. சென்னையில நடக்குற மாரத்தான் தேர்வுப் போட்டியில யாரெல்லாம் ஓடலாம்னு ஒரு நேரம் வச்சிருக்காங்கல்ல, அதை மாத்தப் போறாங்க. மாவட்டத்துக்கு ஒரு ஓட்டு. அப்பா அந்த ஓட்டப் போட்டு என் தலையில மண்ண அள்ளிக் கொட்டியிருக்காரு.

ராமக்காள்: பெத்த மகளுக்கு எதிரா எந்தக் கிறுக்கன் ஓட்டுப் போடுவான்? நீ சரியாப் படி.

அழகுமீனா: கேட்டுக்க. ‘பெண்களுக்கான தகுதி நேரத்தை மூன்று மணி இருபது நிமிடத்திலிருந்து மூன்று மணி பதினைந்து நிமிடமாகக் குறைக்கச் சம்மதமா?’

ராமக்காள்: குறைக்கத்தான கேக்குறாங்க. நல்லதுதான? அரிசி விலையக் குறைச்சா வேணாம்பியா?

அழகுமீனா: இது அரிசி இல்லம்மா...

மொக்கைச்சாமி: அதான் ஆத்தா, நானும் அப்படித்தான்... குறைக்கன்னு இருந்துச்சா, சரி, இளக்கிக் குடுக்குறாங்க போலன்னு...

ராமக்காள்: பாத்தியா.

அழகுமீனா: நேரத்தைக் குறைச்சா இன்னும் வேகமா ஓடணும். தகுதி கூடிப் போகும்.

ராமக்காள்: குறைச்சா எப்படிடி கூடும்?

அழகுமீனா: நேரம் குறையும், தகுதி கூடும்.

ராமக்காள்: அப்ப நேரத்தைக் கூட்டுனா?

அழகுமீனா: தகுதி குறையும். நெறையப் பேரு ஓடலாம்.

ராமக்காள்: மண்ட காயுது எனக்கு. உன் நேரம் எம்புட்டு, அதைச் சொல்லு.

அழகுமீனா: மூணு மணி பதினேழு நிமிசம். போன தை மாசம் மாவட்டப் போட்டியில, இங்க விளாங்குடியில கெளம்பி வாடிப்பட்டி தாண்டிப் போயித் திரும்புனோமே, அதுல வாங்குனது. இருபதுன்னா நான் உள்ள. பதினஞ்சுன்னா வெளிய.

ராமக்காள்: ரெண்டு நிமிசத்துக்கா இம்புட்டுச் சண்ட? நான் அடுப்ப அணைச்சிட்டு வரவே ரெண்டு நிமிசம் ஆகும்.

அழகுமீனா: அப்பாட்ட கேளு, ரெண்டு நிமிசம் எம்புட்டுத் தூரம்னு.

மொக்கைச்சாமி: நானூறு மீட்டருக்கு மேல வரும்... உங்கம்மாவுக்கு இப்ப அதெல்லாம் எதுக்கு?

அழகுமீனா: பதினாலு மாவட்டம் சம்மதம், பதிமூணு சம்மதமில்ல. உங்க ஒரு ஓட்டுதாம்ப்பா. தப்பாப் போட்டவங்க இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபேக்ஸ் அனுப்பித் திருத்தலாம்னு போட்டிருக்கு. கெளம்புங்க. எஸ்டிடி பூத்துக்குப் போவோம்.

மொக்கைச்சாமி: சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல பேயாண்டி பூத்த அடைச்சிருவான்.

அழகுமீனா: தொறந்துதான் இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்.

மொக்கைச்சாமி: சங்கத்து சீலு ஸ்கூல்ல கெடக்கு.

ராமக்காள்: பீரோவுல இருக்கு. நேத்துக்கூட என் சேலைக்கு அடியில கெடந்துச்சு.

மொக்கைச்சாமி: நீ ஒருத்தி...

ராமக்காள்: நான் என்ன பண்ணேன்? இருக்குறதச் சொன்னேன்.

மொக்கைச்சாமி: சரி, கொஞ்சம் பொறுமையா யோசிப்போம்த்தா. பதினஞ்சுன்னு வைக்கிறது அம்புட்டுத் தப்பா? தேசியப் போட்டிக்குப் போயி நம்ம பிள்ளைக கடைசி வரிசையில வருதுக. போன வருசம் ஒரு பிள்ள பாதியில வேன்ல ஏறிடுச்சு. இறுக்கிப் பிடிச்சாத்தான்...

அழகுமீனா: இறுக்கிப் பிடிச்சா சென்னையில கோட்டுல நாலு பேரு நிப்பாங்க. முன்னயும் பின்னயும் ஆளு ஓடுனாத்தான முப்பது கிலோமீட்டருக்கு மேல காலு நம்ம பேச்சக் கேக்கும்? வாடிப்பட்டி ரோட்டுல தனியா ஓடுறதுக்கு நான் எதுக்கு சென்னைக்குப் போகணும்?

மொக்கைச்சாமி: அது வாஸ்தவந்தான்...

அழகுமீனா: இருங்க. இளக்குறாங்கன்னு நெனச்சுத்தான் ஓட்டுப் போட்டேன்னீங்க. இப்ப இறுக்குறதுதான் நல்லதுங்கிறீங்க. எதுப்பா நெசம்?

மொக்கைச்சாமி: ரெண்டும்...

ராமக்காள்: ரெண்டும் எப்படிங்க நெசமாகும்? எனக்கே புரியுது.

அழகுமீனா: இருபத்திநாலு வருசமா கழுத்துல விசில மாட்டிக்கிட்டு பிள்ளைகளுக்கு நேரம் எடுக்குறீங்க. நேரத்தைக் குறைக்கிறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?

மொக்கைச்சாமி: இந்தக் கண்ணாடியத் தொடைக்கணும்... ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

அழகுமீனா: நான் போகக் கூடாதுன்னு நெனச்சீங்களா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க யாரும் வாராங்களா?

ராமக்காள்: எனக்குத் தெரியாம எந்த மாப்பிள்ளடி வருவான்? ஏங்க, வாயத் தொறங்க. பிள்ள கேக்குதுல்ல.

மொக்கைச்சாமி: தெரிஞ்சுதான் போட்டேன்.

அழகுமீனா: ஏம்ப்பா?

மொக்கைச்சாமி: அந்தப் பதினேழு... அது உன் நேரம் இல்லத்தா.

ராமக்காள்: பெறகு யாரு நேரம்?

மொக்கைச்சாமி: அன்னைக்கு நான்தான டைம்கீப்பர். துப்பாக்கி வெடிச்சுச்சு. நீ கெளம்புன. மஞ்சப் பனியன், முத ஆளா... பாத்துக்கிட்டே நின்னுட்டேன். தண்ணி டேங்க் வளைவுல நீ மறஞ்ச பெறகுதான் கையில வாச்சு இருக்குறதே நெனப்பு வந்துச்சு. அப்பத்தான் அமுக்குனேன்.

ராமக்காள்: எம்புட்டு நேரம் கழிச்சு?

மொக்கைச்சாமி: நாலு நிமிசம் இருக்கும். ஓடுன அம்புட்டுப் பேருக்கும் நாலு நிமிசம் கம்மியாத்தான் எழுதுனேன். மத்த யாரும் இருபதுக்குப் பக்கத்துலகூட வரல, அதனால எவனும் கேக்கல.

ராமக்காள்: அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?

மொக்கைச்சாமி: எப்படிச் சொல்ல? நீ கோட்டத் தொட்டதும் மூணு பதினேழுன்னு காட்டுது. உங்கண்ணன் மருது உன்னத் தூக்கித் தோள்ல வச்சிட்டான். எனக்கும் சந்தோசத்துல ஒரு நிமிசம் அதுதான் நெசம்னு தோணிருச்சு. பெறகு ஞாபகம் வந்தப்ப வாயே வரல. சர்டிபிகேட்ட நீட்டுனாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். என் சர்வீசுல நான் போட்ட ஒரே பொய்க் கையெழுத்து.

ராமக்காள்: அதுக்காக இப்படியா பண்ணுவாங்க?

மொக்கைச்சாமி: பதினஞ்சுன்னு ஆயிட்டா அந்தப் பதினேழ எவனும் எடுத்துப் பாக்க மாட்டான். விதி மாறிப் போச்சுன்னு நீயும் சென்னைக்காரங்களத் திட்டிட்டு விட்டுருவ... அப்படி நெனச்சேன். இன்னைக்குத் தேதிக்கு நான் வெக்கங்கெட்டவன்த்தா.

ராமக்காள்: இப்ப ஃபேக்ஸ் அனுப்பணுமா, வேணாமா? எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

மொக்கைச்சாமி: நீ காலையில ஓடக் கெளம்புறப்பல்லாம் நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்துக் கெடந்தேன். உன் முகத்துல முழிக்கப் பயம். அழகு... ஏதாச்சும் சொல்லு. நாலு வார்த்த வஞ்சிரு.

அழகுமீனா: என் கையிலயும் வாச்சு இருந்துச்சுப்பா. மூணு இருபத்தொண்ணு. நீங்க பதினேழு பதினேழுன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தீங்களா... உங்க மூஞ்சியப் பாத்ததும் அதைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டேன். சென்னையில போயி நெசமாவே பதினேழுல ஓடிட்டா உங்க கையெழுத்து பொய்யில்லன்னு ஆயிரும்ல? இந்த ஆறு மாசமும் அதுக்குத்தாம்ப்பா ஓடுறேன்.