இடிந்த சுவருக்கு யார் சொந்தம்?

முத்தரசு: ...பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன் பாப்பா. அம்புட்டுத்தேன். காரு பாதி இங்குட்டு, பாதி அங்குட்டு... ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருந்த சுவரைக் காணோம்.

சத்தியப்பிரியா: சிரிக்காதீக சித்தப்பா. நல்லவேளை, யாருக்கும் அடி படல.

பெரியகருப்பன்: சத்தியப்பிரியா, ஒன் சித்தப்பங்கிட்டச் சொல்லு. சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்குக் காரு எதுக்குன்னு.

முத்தரசு: ஒன் பெரியப்பாகிட்டக் கேளு. இதைச் சொல்லத்தான் கோட்டையூருக்கு பஸ் ஏறி வந்தாகளான்னு.

சத்தியப்பிரியா: நாந்தேன் ரெண்டு பேரையும் எங்க இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வரச் சொன்னேன். ஒரே பஸ்ஸுல வந்துமா பேசல? கூடப் பொறந்த அண்ணன் தம்பிக்கு நடுவுல நான் என்ன தபால்காரியா?

முத்தரசு: அதை விடு. எங் காருக்கு எம்புட்டுத் தருவாக?

சத்தியப்பிரியா: ஒண்ணுங் கெடையாது. நீங்க எங்கிட்டப் போட்டது தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுந்தேன். ஆனா நீங்க இடிச்ச அடுத்தவுக சொத்துக்கு ஏழரை லட்சம் வரைக்கும் கம்பெனி கொடுக்கும்.

முத்தரசு: ஏழரை லட்சமா! அடடா... இன்னுங் கொஞ்சம் அழுத்தி மிதிச்சிருக்கலாமே. இவுக வீட்டையும் சேத்து...

பெரியகருப்பன்: பாத்தியா பாப்பா, வாயை!

சத்தியப்பிரியா: அதுக்கு மேல போனா ஒங்க கைக்காசு சித்தப்பா. இன்னொண்ணு... சொந்தச் சுவரை இடிச்சா சல்லிக்காசு வராது. அதனால இப்பச் சொல்லுங்க. சுவரு யாருது?

முத்தரசு: எந்தச் சுவரு?

சத்தியப்பிரியா: எந்தச் சுவரா? ரெண்டு பேரும் "என்னுது, என்னுது"ன்னு கோர்ட்டுல கேஸ் நடத்துறீகளே, அந்தச் சுவருதான்.

முத்தரசு: ...அவுகளுதுன்னே வச்சுக்க.

சத்தியப்பிரியா: வச்சுக்கவா? எழுதிக் கொடுப்பீகளா?

முத்தரசு: கொடுக்குறேன், போ! இடிச்சவன் கட்டிக் கொடுக்கலைன்னு நாளைக்கு ஊரு என்னையப் பேசக்கூடாது.

சத்தியப்பிரியா: அப்பாடா! பெரியப்பா, தம்பியே எறங்கி வந்துட்டாக. "சுவரு என்னுது, நஷ்டஈடு வேணும்"னு நீங்க மனுப் போட்டாப் போதும்.

பெரியகருப்பன்: அது என் சுவரு இல்ல.

சத்தியப்பிரியா: என்னது?

பெரியகருப்பன்: அவனுது. நல்லா எழுதிக்க.

முத்தரசு: கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கேளு பாப்பா! அந்தச் சுவத்துக்காக எம் மண்டையை ஒடைக்க வந்தாகளே!

பெரியகருப்பன்: அப்ப என்னுது. இப்ப அவனுது.

சத்தியப்பிரியா: பெரியப்பா... அப்படிச் சொன்னா பைசா வராது. சுவரு அப்படியே கெடக்கும்.

பெரியகருப்பன்: கெடக்கட்டும்.

முத்தரசு: அண்ணே! என்னண்ணே வெளாடுறீகளா? கம்பெனி கொடுக்குற காசை ஏன் வேணாங்குறீக?

பெரியகருப்பன்: காசு வந்தாச் சுவத்தைக் கட்டணும்லடா... அது விழுந்ததுலருந்து தெனம் காலையில நீ அங்குட்டு நின்னு பல்லு வெளக்குறதைப் பாக்குறேன். மறுபடியும் ஒன்னையக் காணாமக் கெடக்கச் சொல்றியா?