சிவப்புத் தலை ஊசி

ராத்திரி இரண்டு மணி. பெரிய ஓட்டலுக்குப் பின்னால், அலையாத்திக் காட்டுக்குள் நுழைகிற அந்த மண்ரோடு. விளக்குக் கிடையாது. ஒரு நாய்கூடக் கிடையாது... எலிஹியோ மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான்.

எலிஹியோ யார் என்கிறீர்களா? நம்ம பிலாருடைய பெரியப்பா மகன். பிலார் இதோ உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அவளே என் வாயை அடைக்கட்டும். டோமினோ ஆட்டத்தை மூடி வையுங்கள். கரண்ட் எப்படியும் விடியும்வரை வரப்போவதில்லை. மெழுகுவர்த்தியைக் கிட்டே தள்ளு... அவ்வளவு கிட்டே வேண்டாம்.

அந்த ரோட்டின் முடிவில் தகரக் கொட்டகை. ஓட்டல் அறைகளின் கழிவெல்லாம் அங்கே ஒரு ஆழமான தொட்டியில் வந்து விழும். தொட்டிக்குள் சேமியா போல வெள்ளை இழைகள், கட்டுக் கட்டாகத் தொங்கும். இழைக்குள் குழல் போலத் துளை. அழுக்கு வெளியே நின்றுவிடும், நல்ல தண்ணீர் மட்டும் இழை வழியே மேலே ஏறும். ஒரு இழை அறுந்தாலும் போச்சு, தண்ணீர் கலங்கிவிடும்.

எது அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் எலிஹியோவின் பிழைப்பு. மேல்வாய் வழியே இழைகளுக்குள் காற்றைச் செலுத்துவான். நல்ல இழை காற்றை வெளியே விடாது. அறுந்ததிலிருந்து குமிழி கிளம்பும். இழைக்கட்டைத் தூக்கி, அந்த இழையின் மேல்வாயில் சிவப்புத் தலை ஊசி ஒன்றைச் செருகி, பசை வைத்து அடைப்பான். குமிழி பொய் சொல்லாது என்பான்.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டது அவன் தம்பி அரிஸ்மெந்தி. அங்கே ராத்திரி வேலை பார்க்கிறவன். எப்போதும் வாயில் புதினா மிட்டாய், எப்போதும் சிரிப்பு. சின்ன வயசில் பந்து பட்டு மேல்வரிசைப் பல் ஒன்று போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகச் சீட்டியடிப்பான்.

காற்றைத் திறந்தார்கள். குமிழி வந்தது. ஆனால்... அறுந்த இழையில் குமிழி விடாமல் வரும், கஞ்சி கொதிப்பது போல. இது அப்படி வரவில்லை. குப்... குப்... ஒரு நிறுத்தம். அப்புறம் மறுபடி, குப். தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி.

எலிஹியோ சங்கிலியை இழுத்தான். சங்கிலி கரகரவென்று கட்டைத் தூக்கியது. மூலைக்கட்டு, அடிப்பக்கம். கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். மணல் உரசினால் கீறல் இருக்கும். குளோரின் கூடினால் மஞ்சளாகி நொறுங்கும். இது இரண்டும் இல்லை. நசுங்கின தடம். வளைவாக, வரிசையாக, நடுவில் ஒரு இடைவெளி.

"என்னண்ணே, எலியா?"

"எலி தண்ணிக்கு அடியில வந்து கடிக்குமாடா?"

மூக்கருகே கொண்டுபோனான். கழிவு வாடைக்கு நடுவே மெல்லிசாய்... புதினா.

எலிஹியோ ஒரு புது இழையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"இதக் கடி."

"ராத்திரி சாப்பாடு ஆச்சுண்ணே."

"கடிடா."

சிரித்துக்கொண்டே கடித்தான். இரண்டு இழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான் எலிஹியோ. அதே வளைவு. அதே ஓட்டை.  பக்கத்தில் உயிரோடு நின்று சீட்டியடிக்கிறவனின் பல், இரண்டாள் ஆழத்துத் தொட்டியடியில் எப்படி?

அப்புறம் தினமும் அதே கதை. மூலைக்கட்டில் புதிதாய் ஒரு கடி. எலிஹியோவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஊசி போட்டான். கடி வரவர அடைத்தான். இன்ஜினீயரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, குளோரினைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்?

தம்பியைக் கெஞ்சி, மிரட்டி, ஓட்டல் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டான். "பயந்து ஓடுனவன்னு பேரு வாங்கிக் குடுத்திட்டியேண்ணே" என்று அரிஸ்மெந்தி ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்துவிட்டான் அண்ணன்காரன்.

கடைசிக் கடியையும் அடைத்தான். குமிழி நின்றது. தண்ணீர் தெளிந்தது. டம்ளரில் பிடித்து வைத்தால் காலி டம்ளர் என்றே நினைப்பார்கள், அப்படி ஒரு தெளிவு. எலிஹியோ அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினான்.

பிறகு அவனுக்கு டெங்கு வந்தது. நல்ல காய்ச்சல், கண் திறக்க முடியாத காய்ச்சல். வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று யாரோ சலவைக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் வேலை போகக்கூடாதென்று அரிஸ்மெந்தி ராத்திரி யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். தனியாக. அந்த ரோட்டில்.

காலையில் தொட்டிக் கம்பியில் அவன் தொப்பி மட்டும் மாட்டியிருந்தது. சோதனைக் காற்று திறந்தபடியே... ஸ்ஸ்ஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. நடைபலகை ஈரம். எப்படி விழுந்தான், எவனுக்குத் தெரியும்?

தண்ணீரை இறைத்தார்கள். மூலைக்கட்டின் அடியில் கிடந்தான். பற்களுக்கு நடுவே ஒரே ஒரு இழை. இறுகக் கடித்த இழை. காற்று அதற்குள்தானே போகிறது, அதைக் கடித்தால் மூச்சு கிடைக்குமென்று அவனுக்குத் தெரியாதா?

காய்ச்சலோடு ஓடி வந்த எலிஹியோ ஏணியில் இறங்கி அந்த இழையைப் பிடித்தான். அதில் பழைய கடித்தடம் இருந்தது. புதுக் கடி அதன்மேலேயே பொருந்தி உட்கார்ந்திருந்தது. விரலால் தடவிக்கொண்டே மேலே மேலே ஏறினான். மேல்வாயில் சிவப்புத் தலை ஊசி. அவன் கையால் போட்டது. அவன் வைத்த பசை.

"நாந்தான் அடைச்சேன்" என்றானாம். அடைத்த இழையில் காற்று எப்படி இறங்கும்?

அரிஸ்மெந்திக்கு ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. படத்துக்கு முன்னால் டம்ளரில் தண்ணீர், வழக்கம்போல. ஒன்பதாம் நாள் பெண்கள் ஜெபம் முடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எலிஹியோ எழுந்து அந்த ரோட்டில் போனான். மூலைக்கட்டில் போட்ட ஊசி அத்தனையையும் குறடால் பிடுங்கினான். கட்டை மறுபடி தொட்டிக்குள் இறக்கினான். காற்றைத் திறந்தான்.

"மூச்சு விடுடா தம்பி."

இத்தனை ஓட்டைகள் திறந்து கிடக்கின்றன. தொட்டி கொதிக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தான்... ஒரு குமிழி இல்லை. தண்ணீர் அசையவில்லை. ஆனால் காற்றுமானி முள் இறங்கிற்று. நின்றது. மறுபடி கொஞ்சம் இறங்கிற்று. காற்று போகிறது. வெளியே மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து அவன் அந்தக் காற்றை மூடுவதில்லை. தண்ணீர் கலங்குகிறதென்று வேலையை விட்டும் எடுத்துவிட்டார்கள். இருந்தும் ராத்திரியானால் அங்கேதான் கிடக்கிறான். காவல்காரனும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறான். அழைத்து வரப் போனவர்களெல்லாம் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். பிலாரும் போய் அழுது பார்த்துவிட்டாள்.

இன்றைக்கு மாதிரி கரண்ட் போனால் காற்றும் நின்றுவிடும், இல்லையா? அப்போது எலிஹியோ குழாயைக் கழற்றி, முனையை வாயில் வைத்துத் தானே ஊதுகிறானாம். விடியும்வரை. இப்போதும்... ஊதிக்கொண்டுதான் இருப்பான்.

காலையில் அவனுக்குக் காபி கொண்டுபோவது பிலார்தான். ராத்திரி முழுக்க ஊதின அவன் வாயில் புதினா மணக்கிறது என்கிறாள். எலிஹியோ ஆயுசில் ஒரு மிட்டாய் தின்றதில்லை.